கொலன்னாவையில் நான் கற்ற ஆங்கிலம்

ஆங்கில மொழியில் உமக்கு மிகவும் கடினமாகத் தோன்றிய சொல் எது என்று எவரேனும் என்னை வினவினால், நான் சிறிதும் தயங்காமல் ‘கீப்’ என்று விடை கூறுவேன். வாசகர்கள் நகைக்கக்கூடும். அரிவரி கடந்த பிள்ளைக்கும் தெரிந்த சொல் அல்லவா அது! நான்கே எழுத்துக்கள். எழுத்துக்கூட்டுவதில் சிக்கலில்லை, உச்சரிப்பதில் இடறலில்லை. ஆயினும் அந்தச் சொல்லின் பொருட்டு என் தாயாரைப் பறிகொடுக்கும் நிலைக்கு நான் வந்தேன். அந்த வரலாற்றைக் கூறாமல் ஆங்கிலம் கற்பதைப் பற்றி எழுத என்னால் இயலாது.

2003ஆம் ஆண்டு அது. அதற்கு முந்திய ஆண்டில் ஏ-9 பாதை திறக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கொழும்பைக் காணாதிருந்த யாழ்ப்பாணத்து முதியவர்கள் மகனையும் மகளையும் காண்பதற்குப் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். என் தாயாரும் அவ்விதம் வந்தார். கையில் ஒரு பனங்கட்டிக் குட்டானும், ஒடியல் மாப் பொட்டலமும், என்னைப் பற்றிய ஆயிரம் கவலைகளும் கொண்டுவந்தார். நான் அப்பொழுது புறக்கோட்டையில் மொத்த வியாபார நிலையம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். இருப்பிடம் கொலன்னாவை. முஸ்லிம் பெரியவர் ஒருவரின் வீட்டில் பின்புறத்து அறை.

கொலன்னாவை என்றதும் கொழும்பு வாசிகளுக்கு எண்ணெய்த் தாங்கிகள் நினைவுக்கு வரும். மழைக்காலமாயின் களனி கங்கையின் வெள்ளம் நினைவுக்கு வரும். எனக்கோ அந்த ஒழுங்கையின் பேச்சுத்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டில் சிங்களம், அடுத்த வீட்டில் முஸ்லிம்களின் இனிய தமிழ், அதற்கடுத்த வீட்டில் மலாயும் தமிழும் கலந்த பேச்சு, முடுக்கில் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தமிழ். மீன்காரன் வந்தால் எல்லாரும் சிங்களம் பேசுவார்கள். தபாற்காரன் ஆங்கிலத்தில் முகவரி எழுதிய கடிதம் கொண்டுவந்தால் எல்லாரும் நானாவைத் தேடுவார்கள். நானா என்பவர்தான் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் எழுதுவினைஞராய் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல்காரர்களுடன் பேசிப் பேசிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. இலக்கணம் சில வேளைகளில் தவறும். பொருள் ஒருபொழுதும் தவறாது.

வந்த எட்டாம் நாள் அம்மாவுக்குச் சத்தி கண்டது. கடையில் வாங்கிய உணவோ, புதிய ஊரின் தண்ணீரோ அறியேன். ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். அன்று வெள்ளிக்கிழமை, நானா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “நான் வரட்டா, தம்பி?” என்று கேட்டார். “வேண்டாம், நானா. எனக்கு இங்கிலீஷ் தெரியும்தானே” என்றேன்.

உண்மையில் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றே நான் நம்பியிருந்தேன். தமிழ் மொழி மூலம் படித்தவனாயினும் ஆங்கிலப் பாடத்தில் திறமைச் சித்தி பெற்றவன். பச்சிலை சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். அரசியலமைப்பு, குடியேற்றவாதம், தொழிற்புரட்சி ஆகியவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் தெரியும். வீட்டில் ஒழுகும் குழாய்க்குப் போடும் வாசருக்கும், சேலைக் கரையை மடித்துத் தைப்பதற்கும், பாலில் படியும் ஆடைக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அவற்றை எவரும் பரீட்சையில் கேட்டதில்லை.

வைத்தியர் சிங்களவர், இங்கிலாந்தில் மேற்படிப்புப் படித்து வந்தவர் என்று பின்னர் அறிந்தேன். அன்பானவர். எனது சிங்களம் மீன்காரனோடு நின்றுவிடுகிற சிங்களம். அவருக்குத் தமிழ் வராது. ஆகையால் இருவரும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டோம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் கூறியது. அந்த இணைப்பு மொழியின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் நானும் நின்றோம். நடுவில் அம்மா ஒரு வாங்கில் சாய்ந்திருந்தார்.

வைத்தியர் என்னை நோக்கி, “இஸ் ஷி ஏபிள் டு கீப் எனிதிங் டவுன்?” என்று வினவினார்.

நான் சொல் சொல்லாகத் தமிழாக்கினேன். ‘ஏபிள்’ என்றால் இயலும். ‘கீப்’ என்றால் வை. ‘எனிதிங்’ என்றால் எதையாவது. ‘டவுன்’ என்றால் கீழே. அம்மாவால் எதையாவது கீழே வைக்க முடிகிறதா? கை நடுக்கம் உண்டா, பலவீனம் எவ்வளவு என்று அறிய விரும்புகிறார் போலும். காலையில் தேநீர்க் கோப்பையை ஒரு துளியும் சிந்தாமல் அம்மா தரையில் வைத்ததை நான் என் கண்ணால் கண்டிருந்தேன்.

“யெஸ், டொக்டர். வெரி வெல்” என்றேன்.

வைத்தியரின் முகம் மலர்ந்தது. அப்படியாயின் பயமில்லை என்று குளிசைகள் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றிரவு நடந்ததை விரித்துரைக்க எனக்கு மனமில்லை. கொடுத்த குளிசை ஒவ்வொன்றும் கொடுத்த கையோடு வெளியே வந்தது. தண்ணீரும் தங்கவில்லை. விடியற்புறத்தில் அம்மாவின் நா வறண்டு, கண் குழிவிழுந்து, பெயர் சொல்லி அழைத்தாலும் பதில் வரத் தாமதமாகியது. நானாவின் மனைவி வந்து பார்த்துவிட்டு, “இன்னா லில்லாஹி” என்று வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நானா ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துவந்தார். தெமட்டகொடைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்ற இரண்டு நிமிடங்கள் என் ஆயுளில் இரண்டு வருடம்.

இம்முறை வைத்தியர் நானாவோடு பேசினார். பேச்சின் நடுவே என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது. சேலைன் ஏற்றினார்கள். விறாந்தையில் நின்றபோது நானாவிடம் நான் அந்தக் கேள்வியை ஒப்புவித்து, அதன் பொருள் என்னவென்று கேட்டேன்.

“சாப்பிடுறது, குடிக்கிறது ஏதும் வயித்துல தங்குதா, இல்லாட்டி வெளியால வருதா எண்டு கேட்டிருக்கிறார், மகன். நீங்க என்ன சொன்ன?”

நான் சொன்னதைச் சொன்னேன். நானாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே படுத்திருப்பவரை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் தோளில் கையை வைத்தார்.

அன்று தொடங்கியது எனது ஆங்கிலப் படிப்பு. அதற்கு முன் படித்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்று பல நாள் சிந்தித்தேன். ‘கீப்’ என்பதற்கு ‘வை’ என்று பொருள் கொண்டது தவறா? அகராதி அதைத் தவறென்று கூறவில்லை. காசைக் கையில் வைத்திரு என்பதும் ‘கீப்’, வாக்கைக் காப்பாற்று என்பதும் ‘கீப்’. ஆனால் கோப்பையை மேசையில் வை என்னுமிடத்து ஆங்கிலேயன் ‘புட்’ என்பான். நாமோ இலங்கையில் ‘கீப் இட் ஆன் த டேபிள்’ என்று கூசாமல் சொல்லுகிறோம். தமிழில் இரண்டுக்கும் ‘வை’ ஒன்றே. சிங்களத்திலும் ‘தியன்ன’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஆகவே தமிழனும் சிங்களவனும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது இந்தப் பிழை பிழையாகவே தோன்றுவதில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கிவிடுகிறது. என் வைத்தியர் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்துவிட்டது எனது துரதிர்ஷ்டம்!

சினம் தணிந்தபின் நம்முடைய ‘வை’யைச் சற்றுத் திருப்பிப் பார்த்தேன். பிறநாட்டான் ஒருவன் தமிழ் கற்க வந்தால் இந்த ஓரெழுத்தில் அவன் படப்போகும் பாடு! பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். நெற்றியில் பொட்டு வைக்கிறோம். அடுப்பில் உலை வைக்கிறோம். கூரைக்குத் தீயும் வைக்கிறோம். ஒருவர்மேல் அன்பு வைக்கலாம், கண் வைக்கலாம், கை வைக்கலாம். மூன்றும் மூன்று விதமான காரியம், கடைசியது அடிதடியில் முடியும். நகையை அடகு வைக்கிறோம். அழவைக்கிறோம், சிரிக்கவைக்கிறோம். ‘சொல்லிவை’ என்றால் முன்னெச்சரிக்கை. ‘விட்டுவை’ என்றால் இரக்கம். கூட்டத்தை ஒத்திவைக்கிறோம், அதே காரியத்துக்கு ஆங்கிலேயன் ‘புட்’ என்பதோடு ‘ஓஃப்’ என்னும் சிறு சொல்லை ஒட்டவைக்கிறான். அவனும் வைக்கிறான், நாமும் வைக்கிறோம். வைக்கும் இடந்தான் வேறு. இதையெல்லாம் நாம் எவரிடம் கற்றோம்? தாயின் மடியில் கிடந்து கேட்டோம். அவனும் அப்படியே கேட்டான். நடுவயதில் வந்து சேர்ந்தவனுக்கு மடி ஏது?

சிறிய சொற்களின் வல்லமையை ஆங்கிலேயர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ஒக்டன் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1930ஆம் ஆண்டில் ‘அடிப்படை ஆங்கிலம்’ என்று ஒன்றை வகுத்தார். 850 சொற்கள் போதும், உலகத்தார் எவரும் ஆங்கிலத்தில் கருமம் ஆற்றலாம் என்பது அவர் கொள்கை. அந்த 850இல் வினைச்சொற்கள் எத்தனை தெரியுமோ? பதினெட்டே! வா, போ, கொடு, எடு, செய் என்ற இனத்தைச் சேர்ந்தவை. ‘கீப்’ அவற்றுள் ஒன்று, ‘புட்’ இன்னொன்று. கேட்பதற்கு எவ்வளவு எளிதாயிருக்கிறது! ஆனால் மற்ற வினைகளை எல்லாம் வெளியேற்றிவிட்டால், அவற்றின் சுமை முழுவதும் இந்தப் பதினெட்டின் தலையில் அல்லவா ஏறும்? ஒவ்வொன்றும் அப், டவுன், ஓஃப், அவுட் என்ற சிறுசொற்களோடு கைகோத்துக்கொண்டு நூறு வேடம் போடத் தொடங்கும். ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே, சேர்த்தால் கைவிடு! சொற்களை எண்ணிய ஒக்டன் இந்தச் சேர்க்கைகளையும் தனித்தனிச் சொல்லாக எண்ணியிருந்தால் 850 என்ற கணக்கு நிலைத்திருக்குமா என்பது என் ஐயம். டாக்காவில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ற் என்பவர் இந்த வகையில் கூடுதல் கவனமுள்ளவர். 1953இல் வெளிவந்த அவரது ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட பட்டியலில், ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு அடிக்கடி வழங்குகிறது என்றும் காட்டப்பட்டிருந்தது. வங்காளத்துப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய அநுபவம் அவருக்கு அந்தப் புத்தியைக் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தவர் ஒரு போலந்துக்காரர். கொழும்புப் பொது நூலகத்தில் ஒரு நாள் ஜோசப் கொன்ராட் எழுதிய நாவல் ஒன்றை எடுத்தேன். எடுத்ததற்குக் காரணம் அட்டையில் கப்பல் இருந்ததுதான்; நானாவுக்குக் கப்பல் பிடிக்கும். முன்னுரையில் அவர் வரலாற்றைப் படித்தபின் புத்தகத்தை நானாவிடம் கொடுக்க மறந்துவிட்டேன்.

கொன்ராட் 1857ஆம் ஆண்டு பெர்திச்சிவ் என்னும் ஊரில் போலந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவ்வூர் அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று உக்ரேய்னில் உள்ளது. தாய்மொழி போலிஷ். தந்தையார் சேக்ஸ்பியரையும் பிறரையும் போலிஷ் மொழியில் பெயர்த்தவர்; ரஷ்ய அரசால் நாடுகடத்தப்பட்டுக் குடும்பத்தோடு துன்புற்றவர். பதினொரு வயதுக்குள் கொன்ராட் தாயையும் தந்தையையும் இழந்திருந்தார். 1874இல் மார்செய் துறைமுகத்துக்குச் சென்று மாலுமியானார். அங்கே பேசியது பிரெஞ்சு. 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் லோஸ்ரொப்ட் துறையில் அவர் கால் வைத்தபோது வயது இருபது. ஆங்கிலம் அநேகமாகப் பூச்சியம். நிலக்கரி ஏற்றும் சிறு கப்பலில் மாலுமிகள் வாயிலிருந்து அதைப் பொறுக்கினார். கயிறு, பாய்மரம், வசை, சாப்பாடு ஆகியவற்றின் வழியே மொழி உள்ளே புகுந்தது. எட்டு ஆண்டுகளில் கப்பல் தலைவனுக்குரிய பரீட்சையில் தேறினார். 1895இல் முதல் நாவலை வெளியிட்டார். மூன்றாவதாகக் கற்ற மொழியில் எழுதி ஆங்கில இலக்கியத்தின் முன்வரிசையில் அமர்ந்தவர், 1924இல் இறக்கும்வரை அந்த மொழியைக் கடுமையான போலிஷ் ஒலிப்போடுதான் பேசினாராம். நேரில் கேட்டவர்களுக்குச் சிரமமாயிருந்ததாம். இதைப் படித்தபோது எனக்குண்டான மகிழ்ச்சியைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆர்வத்தில் போலிஷ் மொழியைப் பற்றியும் தேடிப் படித்தேன். என்ன வியப்பு! அந்தப் பனிநாட்டு மொழிக்கும் நம் மொழிக்கும் ஆங்கிலத்தின் முன் ஒரே விதமான தடுமாற்றம். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு ஏழு. பெயரின் வாலில் உருபைச் சேர்த்து இடத்தையும் கருவியையும் உடைமையையும் காட்டிப் பழகியவர்கள் நாம் இருவரும். ஆங்கிலமோ உருபுகளைப் பெரும்பாலும் உதறிவிட்டு முன்னே இன், ஆன், அட் என்று குட்டிச் சொற்களை நிறுத்துகிறது. பஸ்ஸில் போகிறேன், காரில் போகிறேன் என்று நாம் சொல்வோம். பஸ்ஸுக்கும் காருக்கும் ஒரே ‘இல்’. போலந்துக்காரனும் பஸ்ஸின் உள்ளே என்றே சொல்வான். ஆங்கிலேயன் காருக்குள் இருப்பான், பஸ்ஸுக்கோ மேலே இருப்பான்! கொலன்னாவைப் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஏறியவர்கள் மிதிபலகையில் தொங்குவதைப் பார்த்தால் ஒருவேளை அவன் சொல்வதே சரியென்றும் தோன்றும். அன்றியும், ‘அ’ என்றும் ‘த’ என்றும் பெயர்ச்சொல்லின் முன் போடுகிறார்களே, அது போலிஷிலும் இல்லை, தமிழிலும் இல்லை. எங்கே போடுவது, எங்கே விடுவது என்று விதி உண்டாம். எனக்கு அது உப்புப் போடுவது போல. கைப்பழக்கம் வரும்வரை கூடும் அல்லது குறையும்.

மரபுத்தொடர்களைப் பார்க்கும்போதுதான் வேடிக்கை. மிக எளிதான காரியத்தை ஆங்கிலேயன் கேக் துண்டு என்பான். போலந்துக்காரனுக்கு அது வெண்ணெய் பூசிய பணிஸ். நமக்கு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது. மூவருக்கும் எளிமை என்பது வாய்க்கு மெத்தென்ற பண்டமாகவே தோன்றியிருக்கிறது! மழை கடுமையாகப் பெய்தால் ஆங்கிலத்தில் நாயும் பூனையும் விழும், போலிஷில் வாளியிலிருந்து கொட்டும், நமக்குப் பேய்மழை. பகற்கனவு காண்பவன் ஆங்கிலத்தில் ஆகாயத்தில் கோட்டை கட்டுகிறான், நாம் மனத்துக்குள்ளேயே கட்டிவிடுகிறோம். போலந்தில் அவன் நீல நிறமான வாதுமைப் பருப்புகளைப் பற்றிச் சிந்திக்கிறான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தகைய தொடர்களில் ஆபத்து குறைவு. நாயும் பூனையும் வானத்திலிருந்து விழ மாட்டா என்பது எவருக்கும் தெரியுமாகையால், விளங்காதவன் உடனே நின்று கேட்பான்.

நின்று கேட்கவிடாத சொற்களே பொல்லாதவை. போலிஷில் ‘ஓர்டினார்னி’ என்றொரு சொல் உண்டு. ஆங்கிலத்து ‘ஓர்டினரி’யின் உடன்பிறப்பு, ஆனால் பொருளோ, பண்பற்றது, கொச்சையானது என்பது. ‘ஆக்துவால்னியே’ என்றால் இப்பொழுது. ஆங்கிலத்து ‘அக்சுவலி’ என்றால் உண்மையில். ஒரே முகச்சாயல், வேறு வேறு குணம். நம்மிடையேயும் இந்த இனத்தார் உளர். ‘ஹோட்டல்’ என்றால் நமக்குக் கொத்துரொட்டி அடிக்கும் கடை. வெளிநாட்டான் அங்கே படுக்க இடம் கேட்பான். ‘சலூன்’ என்றால் நமக்கு முடிவெட்டும் இடம். வேறு நாட்டில் மதுச்சாலையாகவும் இருக்கலாம். நம் சொந்தக் கட்டுமரத்தின் கதையோ இன்னும் விநோதம். மரங்களைச் சேர்த்துக் கட்டியமையால் கட்டுமரம். ஆங்கிலேயன் அதைக் ‘கற்றமரன்’ ஆக்கிக் கடல் கடத்தினான்; போலிஷ் வரையில் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று அது இரண்டு உடல்கள் பூண்ட உல்லாசப் படகு. வெளிநாட்டுப் பத்திரிகையில் படத்தைக் கண்டால் நம் கரையோரத்து மீனவனுக்கு அது தன் வீட்டுச் சொல் என்று தெரியவா போகிறது?

சொற்கள் இவ்விதம் ஊர் சுற்றுவது புதியதன்று. 1505இல் பறங்கியர் வந்தார்கள். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். நானாவின் வீட்டை ஒரு முறை சுற்றிவந்தால் அந்த வரலாறு முழுவதையும் காணலாம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், துவாய், சப்பாத்து, குசினியில் காலைப் பாண், எல்லாம் போர்த்துக்கீசு. அவர் வேலை பார்த்த கந்தோரும், கண்ணாடியை வைத்துவிட்டுத் தேடுகிற இலாச்சியும் ஒல்லாந்து. இவற்றை எவரும் பாடசாலையில் கற்றதில்லை. கதிரையில் இருந்தார்கள், சொல் வந்தது. பாணைத் தின்றார்கள், சொல் வந்தது. ஆங்கிலத்தை மட்டும் நாம் சோதனைக்கு மனனம் செய்து, அதன்மேல் இருக்கவும் அஞ்சி, தின்னவும் அஞ்சி, கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்தோம். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். வாள் என்று பொருள். வைத்திருப்பவன் வீசுகிறான், இல்லாதவன் வெட்டுப்படுகிறான். என்னைப்போல அரைகுறையாய்ப் பிடித்தவன் தன் வீட்டாரையே வெட்டிவிடுகிறான் என்பதை அவர்கள் அந்தப் பெயரில் சேர்க்கவில்லை.

அதன்பின் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் நானாவின் விறாந்தையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். சொல்லிக் கொடுத்தேன் என்பதைவிட, சேர்ந்து தடுமாறினேன் என்பதே பொருந்தும். பாடப்புத்தகம் கிடையாது. ஒரு நாள் முழுவதும் குழாய். திற, மூடு, ஒழுகுகிறது, அடைபட்டது. ஒரு நாள் முழுவதும் வயிறு. பசி, புளியேப்பம், பொருமல், குமட்டல், சத்தி, தங்கவில்லை. வயிற்றுப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் தவிர்த்ததில்லை. ஏன் இந்தப் பாடத்தை மட்டும் மூன்று நாள் நடத்துகிறீர்கள், சேர் என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை நீரில் மூழ்கியபோது, எங்கள் வகுப்பு மாடிவீடு ஒன்றின் படிக்கட்டுக்கு இடம்பெயர்ந்தது. உதவி கொண்டுவந்த வெளிநாட்டார் ஒருவர், அரிசிப் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் வந்துகொண்டிருந்த அயல்வீட்டுப் பெண்மணியைப் பார்த்து, மனமிரங்கி, “ஹவ் ஆர் யூ ஹோல்டிங் அப்?” என்று கேட்டார். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது கருத்து. தூக்கிப் பிடித்திருப்பது என்னவென்று கேட்கிறார் என எண்ணி அவர், “ரைஸ்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

அம்மாவின் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன். நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்தார். இரண்டாம் நாள் கஞ்சி தங்கியது. மூன்றாம் நாள் தாதியரோடு பேசத் தொடங்கிவிட்டார். அவர் பேசியது யாழ்ப்பாணத் தமிழ், அவர்கள் பேசியது சிங்களம். ஆயினும் எந்தத் தாதிக்குக் கலியாணம் பேசியிருக்கிறது, எவளுக்கு மாமியார் கொடுமை என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டால் “கதைச்சனாங்கள்” என்றார். புறப்படும் நாளில் வாசலில் நின்று பழக்கதோஷத்தால், “போட்டு வாறன், பிள்ளை” என்று விடைபெற்றார். சிங்களத்திலும் விடைபெறுவோர் ‘கிஹின் என்னங்’ என்று அதையேதான் கூறுவர். போய் வருகிறேன் என்பதே பொருள். தாதி வாயில் விரலை வைத்து, “கிஹின் என்ன எபா, அம்மே!” என்று சிரித்தாள். போங்கள், ஆனால் இங்கே திரும்பி வராதீர்கள் என்றாள். வைத்தியசாலை வாசலில் ‘வருகிறேன்’ என்று சொல்லலாகாது என்பதை இரண்டு மொழியாரும் அறிவார்கள். அம்மாவுக்கு எவரும் மொழிபெயர்க்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவிவிட்டு வண்டியில் ஏறினார்.

நான்கு நாட்களாக என் நெஞ்சில் கிடந்ததை இனி மறைக்கக்கூடாது என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

“முதல் நாள் அந்த டொக்குத்தர் உன்னட்டை என்னவோ கேட்டவரல்லோ, தம்பி? நீ ஓம் எண்டனி.”

“ஓம், அம்மா. எதையாவது கீழே வைக்க ஏலுதோ எண்டு கேட்டவர்.”

அம்மா என்னை வியப்போடு பார்த்தார்.

“அதிலை என்ன? தேத்தண்ணிக் கோப்பையை நான் கீழே வைச்சனான்தானே!”